நைனாவுக்காக நீ நிற்க வேண்டாம்

கண்ணு,

இன்று உன் சாப்பாட்டுப் பையில் தயிர்சாத டப்பாவுக்கு அடியில் இந்தத் தாள்கள் இருக்கும். வீட்டில் பேச முடியாததால் எழுதுகிறேன். நம் வீட்டில் எந்தப் பேச்சும் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கூடத்தில் உன் நைனா படுத்திருக்கிறார். "எனக்கு மூச்சுதான் கம்மி, காது கம்மியில்ல" என்று அவரே சொல்கிறவர். உன்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டால் ஏன் கூப்பிட்டேன் என்று படுத்தபடியே கண்டுபிடித்துவிடுவார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மளிகை கட்டி வந்த பேப்பரையும், உன் பாடப்புத்தகங்களையும், கோயிலில் கொடுக்கிற சின்னப் புத்தகங்களையும் படித்துப் படித்து வந்த எழுத்து இது. தப்பு இருந்தால் சிரித்துவிட்டுப் படி. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் சாப்பாட்டு நேரத்தில் கிரேன் சத்தம் கொஞ்சம் குறையும் என்று சொல்லியிருக்கிறாய். அப்போது படி, ஆனால் சாப்பிட்ட பிறகு படி.

நெதர்லாந்தில் படிக்க வந்திருக்கும் இடத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் சொல்ல வேண்டும். போன வருஷமே கிடைத்த இடம். நைனா ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று எழுதிக் கேட்டாய், ஒரு வருஷம் தள்ளிக் கொடுத்தார்கள். இனிமேல் தள்ள முடியாது என்று இப்போது சொல்லிவிட்டார்கள். வரவில்லை என்று எழுதப் போவதாக உன் தங்கச்சி கௌரியிடம் சொன்னாயாம். அவள் செவ்வாப்பேட்டையில் இருந்து எனக்குப் போன் செய்து, ரயில் சத்தத்துக்கு நடுவே அழுதாள். அப்படி எழுதாதே. போகிறேன் என்று எழுது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால், அம்மா ஏதோ தைரியத்துக்காகச் சொல்கிறாள் என்று மடித்து வைத்துவிடுவாய். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். இதைக் கௌரியும் படிக்கட்டும், உன் சித்தப்பாவும் படிக்கட்டும். யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

உன் படிப்பைப் பற்றி நம் ஜனங்கள் பேசியதெல்லாம் உன் காதுக்கு வந்திருக்கும். மெக்கானிக்கல் முடித்து நாலு வருஷம் வேலையும் பார்த்த பிள்ளை எதற்கு மறுபடி பள்ளிக்கூடம் போகிறான் என்று கேட்காதவர்கள் இல்லை. இயந்திரம், வைத்தியம், சட்டம், மனுஷங்க பழக்கம் எல்லாம் சேர்ந்த படிப்பு என்று நான் சொன்னால், கலவை சாதமா என்று கேட்டார்கள். உன் சித்தப்பா ஒரு படி மேலே போனார். "டாக்டரும் இல்லாம இன்ஜினியரும் இல்லாம நடுவுல போய் நிக்கப் போறானா அண்ணி? நடுவுல நின்னா பஸ்தான் மோதும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு நம் வீட்டில் ஒரு இன்ஜினியர் இருப்பது பெருமை. அந்தப் பெருமையை நீ கழற்றி வைக்கிறாயே என்ற பேஜாரு.

நைனாவுக்கும் முதலில் அந்த வருத்தம் இருந்தது. அது உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். பத்தாவது முடித்து நீ உயிரியல் எடுக்கிறேன் என்றபோது கணக்கு குரூப்தான் என்று பிடிவாதமாகச் சேர்த்தது அவர், கூட நின்றது நான். நீ ரெண்டு நாள் சாப்பிடவில்லை. காரணத்தை அவர் உன்னிடம் சொன்னதே இல்லை. அவர் வேலை பார்த்த இரும்பாலையில் உலைக்கு மேலே ஒரு கண்ணாடி அறை உண்டாம். அதில் இன்ஜினியர்கள் இருப்பார்களாம், சட்டையில் ஒரு புள்ளி தூசி இருக்காதாம். "என் புள்ள கண்ணாடிக்கு அந்தாண்ட இருக்கணும்" என்று என்னிடம் சொல்வார். அவருக்கு மெக்கானிக்கல் என்றால் அந்தக் கண்ணாடிதான். நீ அதை விட்டுவிட்டுத் தூசியைப் பற்றியே படிக்கப் போகிறேன் என்றதும், "அந்தாண்ட அனுப்பினேன், திரும்பி இந்தாண்டயே வரான் பாரு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தக் கோபம் தீர ஒரு மாசம் ஆனது.

உனக்கு இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வெல்லத்தில் இருந்து வந்தது. கௌரி சின்னவளாக இருந்தபோது நடந்தது அவளுக்கு ஞாபகம் இருக்காது என்பதால் அதையும் எழுதுகிறேன். நைனாவுக்கு உலையில் லைனிங் வேலை. இரும்பு உருக்கும் உலைக்குள்ளே வெள்ளைக் கல்மாவைக் கொட்டி இடித்து இறுக்க வேண்டும். கொஞ்ச நாளில் அது சூட்டில் தேய்ந்து போகும். அதை உடைத்து எடுத்துவிட்டு மறுபடி இடிக்க வேண்டும். உடைத்தாலும் தூசி, இடித்தாலும் தூசி. மூக்கில் ஒரு துண்டு கட்டிக்கொள்வார், அவ்வளவுதான். புருவமெல்லாம் வெளுத்து வாசலில் வந்து நிற்பார். கௌரி அவரைத் தாத்தா என்று கூப்பிட்டுச் சிரிப்பாள், அவரும் தாத்தா மாதிரி இருமிக் காட்டுவார். அப்போது அது விளையாட்டு இருமல்.

லைனிங் ஆட்களுக்கு மட்டும் சனிக்கிழமை தோறும் வெல்லம் கொடுப்பார்கள். வெல்லம் தின்றால் தூசி தொண்டையில் நிற்காமல் வயிற்றுக்குள் இறங்கிவிடும் என்று மேஸ்திரி சொல்லுவாராம். அங்கே எல்லாரும் நம்பினார்கள், நாங்களும் நம்பினோம். ஆனால் நைனா அதைத் தின்னவில்லை. பேப்பரில் சுற்றி டிபன் கேரியரின் மேல் தட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். செவ்வாய்க்கிழமை முருகனுக்கு நான் வைத்த சர்க்கரைப் பொங்கல் எல்லாம் அந்த வெல்லம்தான். என் மாசக் கணக்கில் பல வருஷத்துக்கு வெல்லம் என்ற வரியே கிடையாது. படைத்துவிட்டு உனக்கும் கௌரிக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தை நான் வழித்துத் தின்பேன். அவர் உங்கள் ரெண்டு பேர் வாயையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

பிறகு நிஜ இருமல் வந்தது. டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள், முழுசாகச் சாப்பிட்டார். குறையவில்லை. மறுபடி டி.பி. என்றார்கள், மறுபடி சாப்பிட்டார். எத்தனை டாக்டர் பார்த்தோம், ஒருவரும் நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கவில்லை. மெட்ராஸில் ஒரு வயசான அம்மா டாக்டர்தான் முதன்முதலில் கேட்டார். கல்மாவு என்று நைனா சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். நுரையீரலுக்குள் போன தூசி வெளியே வராது, இருக்கிற மூச்சைப் பார்த்துச் செலவு செய்ய வேண்டும் என்றார். திரும்பி வரும்போது கும்மிடிப்பூண்டி ரயிலில் நீ ஜன்னல் பக்கம் நின்றாய். நைனா உனக்கு வேர்க்கடலை வாங்கச் சொன்னார். நான் பயத்தில் இருக்கிறேன் என்று நீங்கள் ரெண்டு பேரும் நினைத்தீர்கள். எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு. அவர் மருந்தை நாம் மூணு பேரும் பொங்கலாகத் தின்றுவிட்டோம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

அன்றில் இருந்து நான் வெல்லத்தை வாயில் வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிட்டேன். சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு ஆறு செவ்வாய் போனேன். சொந்த வீடு வேண்டும் என்று எல்லாரும் அங்கே வேண்டிக்கொள்வார்கள், நான் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். நீதான் கண்டுபிடித்தாய். உன் முதல் சம்பளத்துக்கு அதிரசம் வாங்கி வந்து என் வாயருகே கொண்டுவந்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் விடாமல் கேட்டுக் கேட்டுப் பிடுங்கிவிட்டாய். அப்புறம் ஒரு நாள் பூராவும் எனக்குப் பாடம் எடுத்தாய். சோறு போகிற குழாய் வேறு, மூச்சு போகிற குழாய் வேறு என்று காலண்டர் பின்பக்கத்தில் படம் போட்டாய். "வெல்லம் இந்தக் கொழாயில போவுதும்மா, தூசி அந்தக் கொழாயில போவுது. ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது. நைனா மூட்டை மூட்டையா தின்னிருந்தாலும் இதேதான் ஆயிருக்கும். குடுக்க வேண்டியது முகமூடி, தண்ணி தெளிக்கிற மெஷினு, காத்தை உறிஞ்சற ஃபேனு. அதுக்குப் பதிலாத்தான் வெல்லம் குடுத்தாங்க" என்றாய்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது. தப்பு என்னுடையது என்று இருந்த வரைக்கும் நான் செய்வதற்கு ஏதோ இருந்தது. விரதம் இருந்தேன், நடந்தேன், மன்னிப்புக் கேட்டேன். என் தப்பு இல்லை என்று ஆனதும் நான் வெறுங்கையோடு நின்றேன். ஆனால் நீ அப்படி நிற்கவில்லை. அந்த மேஸ்திரியைத் தேடிக்கொண்டு ஆரணிக்குப் போனாய். கோபமாகப் போய்விட்டு, வாடிப்போய்த் திரும்பி வந்தாய். அவரும் இருமிக்கொண்டு படுத்திருக்கிறார், அவர் வெல்லத்தைத் தவறாமல் தின்றவர் என்று சொன்னாய். நைனாவோடு வேலை செய்த இன்னும் சிலரைப் போய்ப் பார்த்தாய். அப்புறம்தான் என்னிடம் இந்தப் படிப்பைப் பற்றிப் பேசினாய். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "டாக்டருக்கு நுரையீரல் தெரியுது, உலை தெரியல. இன்ஜினியருக்கு உலை தெரியுது, அதுங்கிட்ட நிக்கிற ஆளு தெரியல. ஆபீசருக்குச் சட்டம் தெரியுது, வெல்லம் தெரியல. ஆளாளுக்கு ஒரு ரூம்ல உக்காந்துக்கினு இருக்காங்கம்மா. யாராவது ஒருத்தன் எல்லா ரூமுக்கும் போய் வரணும்" என்றாய். எனக்கு அந்தப் படிப்பு அன்றைக்கே புரிந்துவிட்டது. கலவை சாதம் என்று சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் கம்ப்யூட்டரில் உன்னைக் கேள்வி கேட்ட அன்று, சத்தம் இல்லாத இடம் என்று சாமி அறையில் உட்கார்ந்தாய். நான் கதவுக்கு வெளியே இருந்தேன். எல்லாம் இங்கிலீஷ். நடுவில் ஒரே ஒரு முறை "வெல்லம்" என்று தமிழிலேயே சொன்னாய், பிறகு அவர்களுக்கு அதை விளக்கினாய். அந்தப் பக்கம் ஒருவர் அந்த வார்த்தையைத் திக்கித் திக்கிச் சொல்லிப் பார்த்தார். உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரியும். உதவித்தொகையும் கொடுத்துவிட்டார்கள். காசு உன்னைத் தடுக்கவில்லை. நாங்கள்தான் தடுக்கிறோம்.

நைனா இருக்கிற வரைக்கும் நான் எங்கும் போக மாட்டேன் என்று நீ சொன்னாய். பாசத்தில் சொன்னாய், எனக்குத் தெரியாதா. ஆனால் அந்தப் பேச்சை ஒரு நிமிஷம் அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுப் பார். அவர் போனால்தான் நீ போவாய் என்று அது கேட்கும். போன மாசம் சாப்பிடும்போது அவர் உன்னைப் பார்த்து, "இன்னாடா, நான் எப்போ கெளம்புவேன்னு காலண்டர் பாத்துக்கினு இருக்கியா?" என்று கேட்டாரே. நீ கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டாய். தமாஷுக்குச் சொன்னார் என்று நான் உன்னைச் சமாதானப்படுத்தினேன். அது தமாஷ் இல்லை கண்ணு. அவர் பல நாளாக அதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இனி எழுதப் போவதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் அதை மீறுகிறேன். முருகன் என்னைப் பார்த்துக்கொள்ளட்டும். போன வியாழக்கிழமை மத்தியானம் நான் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஆக்ஸிஜன் மெஷின் சத்தம் எனக்கு இப்போதெல்லாம் கேட்பதே இல்லை, பழகிவிட்டது. நின்றுபோனால்தான் கேட்கிறது. நின்றுபோனது. ஈரத் துணியோடு ஓடி வந்தேன். அவர் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. "கரண்ட் போச்சு" என்றார். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் ஸ்விட்சைப் போட்டேன். குழாயை மூக்கில் சரியாக வைத்தேன். உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன், திட்டவில்லை. வெகுநேரம் கழித்து அவராகவே பேசினார். "அவன் சொல்ல மாட்டான். நானா வழிய உட்டாத்தான் உண்டு. அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லணுமாமே" என்றார். எனக்கு அழுகைகூட வரவில்லை. மனுஷன் உன்னுடைய கெடுவைத் தன்னுடைய கெடுவாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அன்றில் இருந்து நான் கடைக்குப் போவதில்லை, துணியை முன்வாசலில் காயப்போடுகிறேன். எதனால் என்று நீ கேட்டாய். கால் வலி என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா வந்தார். நீ டியூட்டியில் இருந்தாய். அவர் எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவர். பிள்ளை கடல் தாண்டிப் போய்விட்டால் நாளைக்கு ஒன்று ஆகும்போது யார் கொள்ளி வைப்பது, பங்காளி முறையில் என் பையன் வைக்கட்டும், இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது என்றார். நான் அவரைச் சமையலறைக்குள் இழுக்கப் பார்த்தேன். அதற்குள் கூடத்தில் இருந்து குரல் வந்தது.

"கௌரி வெக்கட்டும்."

"பொட்டப் புள்ள சுடுகாட்டுக்கு வர்றதா? ஊரு இன்னா பேசும்ண்ணா?"

"நான் படுத்துக்கினுதான வரப் போறேன். அவ நடந்து வரட்டும். உனக்கு இன்னா கஷ்டம்?"

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே அழுதும் விட்டார். நைனா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பேசியதில் நைனாவுக்கு மூச்சு வாங்கியது, விரலில் மாட்டுகிற மீட்டரைப் பார்த்துக்கொண்டே நான் நின்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் மனசு ஒப்பவில்லை. நாள், நட்சத்திரம், முறை எதையும் நான் விட்டவள் இல்லை. மகன் கையால் நெருப்பு வாங்காமல் போகலாமா என்று ரெண்டு நாள் சுவாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். உன் நைனா கேட்டுத்தான் நீ போகாமல் இருந்தாய் என்றால் ஒரு நியாயம் இருக்கும். அவர் கேட்கவில்லை. அவர் கேட்பது வேறு. கௌரிக்குப் போன் செய்து சொன்னேன். "செய்றேம்மா. அண்ணன் திரும்பி வராம பாத்துக்கோ" என்றாள். மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டாளாம். அதனால் அது முடிந்துபோன பேச்சு. அதற்காக நீ விமானம் ஏறித் திரும்பி வர வேண்டாம். பாதி வழியில் தவித்துக்கொண்டு, வந்தும் முகம் பார்க்க முடியாமல் நீ வாசலில் நிற்பதை என்னால் தாங்க முடியாது. நடந்தால் உனக்கு உடனே சொல்வேன், மறைக்க மாட்டேன். அங்கே ஆறோ கடலோ எது இருக்கிறதோ அதில் தலை முழுகு. குளிராக இருந்தால் குழாய்த் தண்ணீர் போதும். தண்ணீர் எல்லாம் ஒன்றுதான்.

அங்கே போய் ஒன்று மட்டும் செய். அவர்கள் நைனாவைப் பற்றி எழுதச் சொன்னால் அவர் நுரையீரலை மட்டும் எழுதாதே. கௌரி சிரிக்க வேண்டும் என்று தாத்தா மாதிரி இருமிக் காட்டியவர் என்றும் எழுது. வெல்லத்தைத் தின்னாமல் கொண்டுவந்தவர் என்று எழுது. அந்த மேஸ்திரியைப் பற்றிக் கெட்டவன் என்று எழுதாதே. படித்தவர்கள் பேச்சில் நம்மைப் போன்றவர்கள் முட்டாள்களாகத் தெரிந்தால், அந்த இடத்தில் எழுந்து நின்று பேசு. புரியாத இடத்தில் கேள், வெட்கப்படாதே. முதல் வருஷம் நீ எல்லாரையும்விடப் பின்னால்தான் இருப்பாய். இயந்திரம் படித்தவனுக்கு மற்றதெல்லாம் புதுசு. பின்னால் இருப்பதில் அவமானம் இல்லை. பசித்தால் சாப்பிடு. சாமி கும்பிடு என்று நான் உன்னைக் கட்டாயப்படுத்தியதில்லை, இப்போதும் சொல்லவில்லை. உனக்கும் சேர்த்து நான் கும்பிட்டுக்கொள்கிறேன்.

ஆனால் அதில்தான் எனக்கு ஒரு கஷ்டம் கண்ணு. இதை உன்னிடம் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. இந்த ஒரு வருஷமாக விளக்கேற்றிவிட்டு நின்றால் எனக்கு வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. அவர் நிறைய நாள் இருக்க வேண்டும் என்று கேட்டால், நீ போகக் கூடாது என்று கேட்ட மாதிரி ஆகிறது. நீ போய்ப் படிக்க வேண்டும் என்று கேட்டால், அவர் சீக்கிரம் போகட்டும் என்று கேட்ட மாதிரி ஆகிறது. ஒரு தாய் அதைக் கேட்கலாமா, ஒரு பெண்சாதி இதைக் கேட்கலாமா. ரெண்டையும் கேட்காமல், கற்பூரத்தைக் காட்டிவிட்டு வெறுமனே திரும்பி வந்துவிடுகிறேன். நம்பிக்கையோடு இருந்தவளுக்கு இது எத்தனை பெரிய வறுமை என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்று சாயந்திரம் வந்ததும் கை கால் கழுவக்கூட நிற்காதே. நேராக நைனாவிடம் போய், போகிறேன் என்று எழுதிவிட்டேன் என்று சொல். அவர் எந்தத் தேதி என்று கேட்பார், தேதியைச் சொல். நான் அடுப்படியில் இருப்பேன், என் காதுக்கும் விழட்டும். அப்புறம் நாளைக்கு விளக்கேற்றிவிட்டு நான் முருகன் முன்னால் நின்று, இந்த மனுஷன் இன்னும் ரொம்ப வருஷம் இருக்கட்டும் என்று வாய்விட்டுக் கேட்பேன்.

உன்
அம்மா